ஸ்ட்ரோப் போட்டும் வெள்ளைப் புள்ளியா?

கேள்வி: தோட்டத்துக் கிணற்றில் சிறிய கேமராவால் மீன்களைப் படமெடுக்கிறேன். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. வெளி ஸ்ட்ரோப் (கேமராவுக்கு வெளியே தனியாக வைக்கும் ஃபிளாஷ்) வாங்கினேன். சில சமயம் அது எரிவதே இல்லை.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: புள்ளிகள், லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் வண்டல் துகள்கள். கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் அவை நேராக ஒளிர்கின்றன. கேமராவின் நீர்புகா உறையில் ஃபிளாஷ் வரும் இடத்தைக் கறுப்பு டேப்பால் மூடி, ஃபைபர் கேபிள் (கேமரா ஃபிளாஷின் ஒளியைக் கடத்தி ஸ்ட்ரோப்பை அடிக்கவைக்கும் இழை) முனைக்கு மட்டும் துளை விடுங்கள். ஸ்ட்ரோப்பை 20–25 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி, லென்ஸ் முகப்புக்குச் சற்றுப் பின்னே வைத்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளியின் ஓரம் மீன்மேல் பட்டாலே போதும்.

எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா ஃபிளாஷ் 'ஆட்டோ'வில் இருப்பதுதான். வெளிச்சம் போதுமென்று கேமரா ஃபிளாஷ் அடிக்காவிட்டால் ஸ்ட்ரோப்பும் அடிக்காது. கேமரா ஃபிளாஷை எப்போதும் ஆனில் வையுங்கள். கேமரா முன்கூட்டியே ஒருமுறை மின்னுமென்றால் ஸ்ட்ரோப்பிலும் அதற்கான மோடு வேண்டும்; இல்லையேல் முதல் மின்னலுக்கே அடித்துவிட்டு, படம் இருட்டாகும்.