வயதான வளர்ப்புப் பாம்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

என் பால் பைத்தானுக்கு (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) 22 வயது. இரண்டு மாதமாக எலியைத் தொடவில்லை. வயசாகிவிட்டதுதான் காரணமா?

வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள், இந்த ஒரு எண்ணத்தால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய பல பாம்புகள் போய்விடுகின்றன. நன்றாகக் கவனித்தால் பால் பைத்தான் 30 வயது வரை இருக்கும், அபூர்வமாக அதற்கு மேலும் இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய இதே இனப் பெண் பாம்பு ஒன்று, பல வருடங்களாக ஆண் துணையே இல்லாமல், 2020இல் முட்டை இட்டது.

இந்த இனம் குளிர் மாதங்களில் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால் எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசில் மூடியுள்ள ஒரு டப்பாவை வைத்து, பாம்பை அதற்குள் விட்டு, வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, முதுகெலும்பு துருத்திக்கொண்டு உடம்பு முக்கோணமாகத் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கூடவே சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி அளவில் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள், கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். சூடு குறைந்தால் செரிமானம் நின்றுவிடும், அப்புறம் எப்படி பசிக்கும்? ஈறு சிவந்திருந்தாலோ, சீழோ பிசுபிசுப்பான எச்சிலோ இருந்தாலோ அது வாய்ப்புண், வலியால்தான் சாப்பிடாமல் இருக்கிறது. வாயைத் திறந்து திணிக்கவே கூடாது. திரும்பச் சாப்பிட ஆரம்பித்ததும் முன்பு கொடுத்ததைவிடச் சின்ன எலியாக, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போதும், அதிகம் நகராத உடம்பில் கொழுப்பு ஈரலில்தான் போய்ச் சேரும்.

மெலிந்துவிட்டதே என்று பாட்டி பால் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பாம்பால் பாலைச் செரிக்க முடியாது. பாட்டியின் அக்கறை நியாயமானதுதான், அதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர் இருக்கட்டும். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் கெட்டு யூரிக் அமிலம் உறுப்புகளில் படிந்துவிடும். வயதான பாம்புகளை இது சத்தமில்லாமல் கொல்கிறது.

சட்டை உரித்தபோது கண் மேல் மட்டும் தோல் ஒட்டிக்கொண்டது. டேப் வைத்து எடுக்கலாமா?

கூடாது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில் மட்டும்தான் பாதுகாப்பு. இழுத்தால் அதுவும் சேர்ந்து வந்து கண்ணே போகலாம். ஈரமான பாசியை (moss) நிரப்பிய ஒரு மறைவிடப் பெட்டியை கூண்டுக்குள் வையுங்கள், பெரும்பாலும் அடுத்த சட்டையோடு வந்துவிடும். இரண்டு முறை உரித்தும் வரவில்லை என்றால் மருத்துவர் எடுக்கட்டும்.

கிளையில் ஏறும்போது என் கார்ன் ஸ்நேக் தடுமாறி விழுகிறது. நடு உடம்பு விறைப்பாக இருக்கிறது.

முதுகெலும்பு தேய்மானமாக இருக்கலாம், எலும்புத் தொற்றாகவும் இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். இன்றே செய்யக்கூடியது உயரமான கிளைகளை எடுத்துவிட்டு, தரையை ஒட்டித் தடிமனான கட்டைகளை வைப்பது. தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கட்டும், ஆழமாக இருந்தால் பலவீனமான பாம்பு மூழ்கிவிடும். தூக்கும்போது இரண்டு கையாலும் முழு உடம்பையும் தாங்குங்கள். வலி மாத்திரையை மட்டும் நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள்.

வாலுக்குச் சற்று மேலே வீக்கம். மலச்சிக்கலா?

மலமாகவும் இருக்கலாம், முட்டையாகவும் கட்டியாகவும் இருக்கலாம். அமுக்கிப் பார்க்காமல் இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள்.

சென்னையில் இருக்கிறேன். வாங்கியபோது எந்தக் காகிதமும் தரவில்லை. மருத்துவரிடம் போகப் பயமாக இருக்கிறது.

பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முதலில் வனத்துறையிடம் பேசுங்கள். ஆனால் சாரையோ மலைப்பாம்போ என்றால் கதை வேறு, நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடமே ஒப்படையுங்கள். எதுவாக இருந்தாலும் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், தவிப்பது அந்த உயிர்தான்.

இனி தேறாது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். ஃப்ரீசரில் வைத்தால் வலியில்லாமல் போய்விடும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். குளிரில் உடம்பு அசைவை இழக்கும், ஆனால் வலி தெரியாது என்று நம்பி விட்டுவிட முடியாது. மருத்துவர் முதலில் மயக்க ஊசி போட்டு, முழுசாக மயங்கிய பிறகு இறுதி மருந்தைச் செலுத்துவார். பாம்பின் இதயம் உடனே நின்றுவிடாது, வெகு நேரம் துடிக்கலாம். அதனால் இதயத் துடிப்பைக் கேட்க உதவும் டாப்ளர் கருவியை வைத்து, துடிப்பு நின்றுவிட்டதை உறுதி செய்யச் சொல்லுங்கள், அதுவரை உடலை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.