நெல் விஞ்ஞானி ஒருவரைப் பேட்டி எடுக்கப் போகிறேன், என்ன கேட்கலாம்?

கேள்வி: கல்லூரி மலருக்காக, ஓய்வுபெற்ற நெல் விஞ்ஞானி ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். நான் தமிழிலக்கிய மாணவி, அறிவியல் தெரியாது. என்னென்ன கேட்கலாம்?

பதில்:

அறிவியல் தெரியாது என்று தயங்காதீர்கள். நான் படித்தது வரலாறு. பதினோரு வருடம் வானொலியில் விவசாய நிகழ்ச்சிக்காகப் பேட்டி எடுத்திருக்கிறேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வேளாண்மை படிக்காதவனுக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கீழே எழுதுவார்கள், அதற்காக முன்பே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இப்போதே பத்துக் கேள்வி எழுதி வைத்திருப்பீர்கள். எங்கே பிறந்தீர்கள், இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள், என்னென்ன விருது வாங்கினீர்கள், கடைசியாக இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். 1994-ல் நானும் அதே கேள்விகளோடுதான் ஒருவரைப் பார்க்கப் போனேன். நெல் ஆராய்ச்சியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். முதல் கேள்வியே ஆடுதுறை 27 பற்றி. 1965-ல் வந்த ரகம் அது. திருச்சி வானொலி திரும்பத் திரும்ப அதைப் பற்றிச் சொன்னதில் தஞ்சாவூர்ப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வானொலிக்காரன் என்பதால் எனக்கு அதில் தனிப் பாசம். அவர் "ஆமாம், நல்ல ரகம்" என்று மட்டும் சொன்னார். மற்ற கேள்விகளுக்கும் அப்படித்தான். இருபது நிமிடத்தில் பேட்டி முடிந்துவிட்டது.

டேப்பை நிறுத்திவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், "ஐயா, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் தினமும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பதர் எண்ணுவேன் தம்பி" என்றார்.

அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். 1950-களில் உலக உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு ஒடிசாவில் உள்ள கட்டாக்கில் ஒரு பெரிய வேலை தொடங்கியது. நம் நாட்டு இண்டிகா நெல் உயரமாக வளரும், உரம் போட்டால் சாய்ந்துவிடும். ஜப்பான் பக்கத்து ஜபோனிகா குட்டை, உரத்தைத் தாங்கும். இரண்டையும் கலந்தால் இரண்டின் நல்ல குணமும் ஒரே செடியில் கிடைக்காதா என்பதுதான் யோசனை. பல நாடுகள் சேர்ந்து நூற்றுக்கணக்கான கலப்புகள் செய்தார்கள். ஆனால் இந்த இரண்டு இனத்தையும் கலந்தால் வாரிசுகளில் மலட்டுத்தன்மை வரும். செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், கதிரும் வரும், மணிக்குள் பால் பிடிக்காது. "கனமில்லாத கதிர் தலை சாயாது தம்பி. காலையில் வரப்பில் நடந்து போகும்போதே தெரிந்துவிடும், இந்த வரிசையும் போச்சு என்று." ஒவ்வொரு கதிராக உருவி, மணி எத்தனை பதர் எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுவதுதான் அவருடைய முதல் வேலை.

அத்தனை கலப்புகளிலிருந்து விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்த ரகங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மலேசியாவில் மாலிஞ்சாவும் மசூரியும், ஆஸ்திரேலியாவில் சர்க்னா, இங்கே ஆடுதுறை 27. அந்த மசூரி வழியில் வந்ததுதான் நாம் சாப்பிடும் பொன்னி. நான் ஒரு வரி பதிலோடு விட்டுவந்திருக்க வேண்டிய ரகத்துக்குப் பின்னால் இவ்வளவு பதர் இருந்திருக்கிறது.

"ஐயா, இதையே நாளைக்கு டேப்பில் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "இங்கே வேண்டாம், காலையில் வயலுக்கு வா" என்றார்.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், தினக்கூலி. நெல்லில் கலப்பு செய்வது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்கும் அன்று தெரியாது. நெல் தன் பூவிலேயே தானே கருவுற்றுவிடும். அதனால் முந்தின நாளே, இன்னும் திறக்காத பூவின் உமியை மேலே கொஞ்சம் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் அந்தப் பூ வீண். மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடியில் இடுக்கி பட்டாலும் வீண். பிறகு காகிதப் பை மாட்டி மூடிவிடுவார்கள். மறுநாள் காலை, இன்னொரு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டி மகரந்தத்தைத் தூவ வேண்டும். அப்படி விளைந்த மணியைப் பார்த்தாலே தெரியும், உமி வெட்டுப்பட்டிருப்பதால் அரிசியின் நுனி வெளியே தெரியும். அந்த அம்மா உட்கார்ந்த இடத்தில், பேசிக்கொண்டே, பூ பூவாக எடுத்துக்கொண்டே போனார். "என் கை நடுங்கும். இவங்க கை நடுங்காது. என் கலப்பில் பாதிக்கு மேல் இவங்க கையால் ஆனது" என்று ஐயா டேப்பிலேயே சொன்னார். அந்த அம்மா தன் பெயர், ஊர், எத்தனை வருடமாக வருகிறார் என்பதையெல்லாம் டேப்பில் சொன்னார். டேப்பில்தான் இருக்கிறதே என்று நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

ஒலிபரப்பில் பதினான்கு நிமிடம்தான் கொடுத்தார்கள். விஞ்ஞானி பேட்டியில் கூலியாள் பேச்சு எதற்கு என்று அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். நான் அப்போது தற்காலிகப் பணியில் இருந்தவன், வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. சில வருடம் கழித்து முழுப் பதிவையும் கேட்கலாம் என்று தேடினால், டேப் பற்றாக்குறை என்று அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். அது மட்டுமில்லை, மண் விஞ்ஞானிகள், பூச்சியியல்காரர்கள், கிணறு வெட்டுகிறவர்கள் என்று நான் பதிந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் குரல் இப்போது எங்கேயும் இல்லை. அழிக்கும் முன் அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை, ஒரு பட்டியல்கூடப் போட்டு வைக்கவில்லை. எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு மனிதர் முப்பத்தைந்து வருட வேலையைப் பற்றி மனம் திறந்து பேசிய பேச்சை அழிக்க ஒருவருக்கு எப்படிக் கை வந்தது என்று இன்றைக்கும் ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் பேட்டிக்கு வருகிறேன்.

வாழ்க்கைத் திருப்பம் பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் காவல்துறைப் பணிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு மரபியல் படிக்க நெதர்லாந்து போனார், அதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். (அவரும் 1954-ல் கட்டாக்கில் இதே இண்டிகா-ஜபோனிகா வேலையில் சேர்ந்தவர்.) ஆனால் அந்த மாதிரிக் கேள்விக்குப் பெரியவர்களிடம் பலமுறை சொல்லிப் பழகிய பதில் ஒன்று தயாராக இருக்கும். வெளிவராமல் போன ரகம் எது, அதை எந்த வருடம் கைவிட்டீர்கள், அன்றைக்கு வீட்டில் போய் என்ன சொன்னீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ரகம் வெளிவரப் பத்து வருடம்கூட ஆகும். அதில் ஆறாவது வருடத்தில் தூக்கிப் போட்ட ஒன்று அவருக்கும் கட்டாயம் இருக்கும். எல்லோரும் இதற்குப் பதில் சொல்வார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன். சிலருக்கு வலிக்கும். அப்போது விட்டுவிடுங்கள்.

கூட வேலை செய்தவர்களின் பெயரைக் கேளுங்கள். பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழையில்லாமல் அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். மலரில் அந்தப் பெயர்களும் வர வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சந்திப்பை அவர் வீட்டுக் கூடத்தில் வைக்காதீர்கள். அவரால் நடக்க முடியுமானால், பக்கத்தில் நெல் பூத்திருக்கும் வயல் ஏதாவது இருந்தால், காலை ஒன்பது மணிக்கு அங்கே வர முடியுமா என்று கேளுங்கள். வெயில் ஏற ஏறப் பூ திறக்கும், ஒரு பூ ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். மதியம் போனால் அவர் உங்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.