பாட்டி இல்லாத நிலா

கேள்வி: மகள் வீட்டுக்கு இங்கிலாந்து வந்திருக்கிறேன். பக்கத்து ஊரில் யாரோ ஒரு பிரபு வாழ்ந்த பழைய மாளிகையில் ராட்சத நிலாவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஊர் ஊராகப் போகிற நிலாவாம். காசு கொடுத்து ஒரு பலூனைப் பார்க்கணுமா? நிஜ நிலாதான் ஜன்னலில் சும்மாவே தெரிகிறதே!

பதில்: பலூன்தான். பிரிஸ்டல் கலைஞர் லூக் ஜெரம் செய்தது. 7 மீட்டர் குறுக்களவு, நாசா விண்கலம் எடுத்த படங்களை அச்சடித்த துணி, உள்ளே விளக்கு, கூடவே இசை. கிட்டப் போனால் தையல் கோடுகூடத் தெரியும். உள்ளிருந்து வெளிச்சம் வருவதால் வளர்பிறை தேய்பிறை கிடையாது, எந்நேரமும் பௌர்ணமி. ஆனால் உங்கள் ஜன்னலில் ஆயுசுக்கும் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது: நிலாவின் முதுகு.

நிலா பூமியைச் சுற்றவும் தன்னைத்தானே சுற்றவும் ஒரே அளவு நாள்தான் எடுத்துக்கொள்கிறது, அதனால் நமக்கு எப்போதும் ஒரே முகம். 1959-ல் சோவியத்தின் லூனா 3 படம் எடுக்கும் வரை பின்பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டி வடை சுடுகிறாள் என்று காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோமே, அந்தக் கறுப்புத் திட்டெல்லாம் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். முன்பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான், பின்பக்கத்திலோ நூற்றுக்கு இரண்டு தேறினால் அதிகம். பாட்டியும் இல்லை, வடையும் இல்லை, முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளங்கையில் நிலாவை ஏந்துகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள்.

கேள்வி: அளவு சரியாக இருக்குமா? என் பேரன் கேட்கிறான்.

பதில்: நல்ல கேள்வி, பேரனிடம் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் நிஜ நிலாவில் 5 கிலோமீட்டர். நிலாவில் இருக்கிற 85 கிலோமீட்டர் அகல டைக்கோ பள்ளம் இதில் 17 சென்டிமீட்டர், ஒரு சாண் என்று வையுங்கள். சந்திரயான் 3-ன் பிரக்யான் ஊர்தி ஓடியது 100 மீட்டர் சொச்சம், அது இங்கே கால் மில்லிமீட்டர்கூட வராது. இதே கணக்கில் பூமியைச் செய்தால் 25 மீட்டர் உயரம், எட்டு மாடி. அதை எங்கே நிறுத்துவது? ஏறக்குறைய 770 மீட்டர் தள்ளி. மாளிகைக்கு நீளமான பாதை இருந்தால் அவனை நடத்திக் காட்டுங்கள்.

கேள்வி: அதெல்லாம் சரி, பழைய கட்டடத்துக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: பெரும்பாலும் ஒன்றும் இல்லை. கூரை உயரமாக இருக்கிறது, ஜனமும் வரும். விதிவிலக்கு லண்டன் கிரீனிச். அங்கே ஓவிய மண்டபத்தில் 2020-ல், ஜெரம் இதே மாதிரி செய்த பூமி உருண்டை தொங்கியது. ஜேம்ஸ் தார்ன்ஹில் 19 வருஷம் வரைந்த மண்டபம் அது. கூரை ஓவியத்தில் இங்கிலாந்தின் முதல் அரசு வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட், அன்றைய நாட்காட்டிப்படி 1715 ஏப்ரல் 22 சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணித்த தாளோடு உட்கார்ந்திருக்கிறார். கிரகணத்தைக் கணித்தவர் கூரையில், கீழே பூமி! அந்தப் பொருத்தத்துக்காகவே போயிருக்கலாம்.

ஜெரமுக்கு இந்த யோசனை வந்த கதையும் சின்னதுதான். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற வழியில் ஏவன் ஆறு. நிலாவின் ஈர்ப்பால் வருகிற கடல் ஏற்றத்தில் அந்த ஆறு 13 மீட்டர் வரை ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நிலா மேல் கவனம் போயிருக்கிறது.

அப்புறம், இருட்டும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், விட்டால் தரையில் படுத்துப் பார்க்கலாம், நின்று பார்த்தால் அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.