மிதித்து மிதித்துக் கியர் போடும் ஜீப்

கேள்வி: மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது, எனது பழைய ஃபோர் வீல் ஜீப்பின் கிளட்ச் மிதி தரைவரை இறங்கிவிடுகிறது, நாலைந்து முறை மிதித்தால்தான் கியர் விழுகிறது. கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அவசரப்பட்டுக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். பலமுறை மிதித்தபின் கியர் விழுகிறதென்றால், குறை பெரும்பாலும் பிளேட்டில் இல்லை, ஆயில் செல்லும் வழியில்தான் இருக்கும். மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கிண்ணத்தில் ஆயில் குறைந்திருந்தால், வண்டிக்கு அடியில் படுத்து, அந்த அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் முனையிலுள்ள ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் உள்ளே ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பரான கப் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அங்கே காய்ந்திருந்தால், வண்டிக்குள் மிதித்தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் கசிவு உண்டா என்று தடவிப் பாருங்கள். ஆயில் குறையாமலேயே, கியரில் மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் வாஷர்தான் அழுத்தத்தை உள்ளுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. எங்கும் கசிவில்லை என்றால், குழாயில் புகுந்த காற்றை ஸ்லேவ் சிலிண்டரில் அதற்கென உள்ள பிளீடர் திருகு வழியே வெளியேற்றிப் பாருங்கள்.

கிண்ணத்தில், மூடியில் குறித்துள்ள பிரேக் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர்கள் எல்லாம் ஊதிப் பாழாகும். ஸ்லேவ் தண்டு முழுத் தூரம் நகர்ந்தும் கியர் உரசினால் மட்டும் மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம்.