அம்மா அப்பாவோடு காலிக்குப் போகிறீர்களா?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: எழுபது தாண்டிய பெற்றோரைத் தென்னிலங்கையில் உள்ள காலிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் அன்று பின்னேரமே திரும்பலாமா, அவர்களால் நடக்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரு இரவாவது கோட்டைக்குள் தங்குங்கள். காலையில் கொழும்பில் ரயில் ஏறி, இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து உள்ளே போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். மதிலின் மேல் நிழல் என்று ஒன்றும் இல்லை. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் அந்த ஊர் ஊராக இருக்கும், அந்த இரண்டு நேரமும் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்காது.

ரயிலுக்கு கொழும்பு கோட்டை நிலையத்துக்கே போய் ஏறுங்கள், வழியில் ஏறினால் வயதானவர்களுக்கு இருக்கை கிடைப்பது கஷ்டம். வலப்பக்க ஜன்னல், அதை விட்டுவிடாதீர்கள், கடல் அந்தப் பக்கம்தான். காலி நிலையத்தில் இருந்து கோட்டை கிட்டத்தான், இருந்தாலும் ஆட்டோ பிடித்து நேரே வெளிச்சவீட்டடிக்குப் போய்விடுங்கள்.

மதிலை முழுதாகச் சுற்றினால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அது வேண்டாம். வெளிச்சவீட்டில் இருந்து கொடிப்பாறை (Flag Rock) என்ற கொத்தளம் வரை ஆறுதலாக நடந்தால் போதும், எதிரே வெள்ளைப் பள்ளிவாசல், இந்தப் பக்கம் கடல். பல இடங்களில் மதில் ஓரத்தில் தடுப்பே இல்லை, மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், ஆகவே அப்பாவை உட்புறமாக நடக்கவிடுங்கள். பிறகு பழைய வாசலுக்குப் போய் உட்பக்கம் அண்ணாந்து பாருங்கள்: ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கிழக்கிந்தியக் கம்பனி முத்திரை, இரு பக்கமும் சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வெளிப்பக்கம் வந்தால் ஆங்கிலேயரின் அரச சின்னம். ஒரே வாசலில் இரண்டு ஆட்சி! 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமானபோது உள்ளே இருந்த வீடுகளைப் பெருமளவு காப்பாற்றியதும் இந்த மதில்தான்.

தமிழருக்கு இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் மும்மொழிக் கல்வெட்டு, 1409 என்று தேதியிட்டது, 1911இல் காலியில்தான் கிடைத்தது. சீனம், பாரசீகத்தோடு தமிழும் அதில் இருக்கிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில். உங்களுக்குக் கிட்டத்தானே, போகும் முன் அப்பாவுக்கு அதைக் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு கோட்டைக்குள் விலை கூட, மத்தியானம் புதிய நகரப் பக்கம் போய்ச் சோறு சாப்பிடலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி, மே தொடங்கினால் தென்மேற்குப் பருவக்காற்று. நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள், திரும்பும் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது.