மார்பகத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சை

கேள்வி: எனக்கு வயது 36. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பாலூட்டியதால் மார்பகங்கள் மிகவும் தளர்ந்துவிட்டன. சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாமா?

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தளர்ச்சிக்குப் பாலூட்டியது காரணமன்று. கர்ப்பகாலங்களில் தோல் விரிந்து சுருங்குவதும், வயதும், உடல் எடை மாற்றங்களுமே காரணம். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்ததை எண்ணி ஒருபோதும் வருந்தாதீர்கள்.

சரிசெய்யலாம். முழு மயக்கத்தில், மிகையான தோலை அகற்றி, முலைக்காம்பை மேலே நகர்த்தி, மார்பகத்தை மறுவடிவமைப்பார்கள். அளவு பெரிதாகாது. முலைக்காம்பைச் சுற்றியும், தளர்ச்சிக்கேற்ப அதிலிருந்து கீழ்நோக்கியும், சில வேளைகளில் மார்பின் அடி மடிப்பிலும் தழும்பு ஏற்படும். காலப்போக்கில் மங்கினாலும் அது முற்றாக மறையாது. முலைக்காம்பின் உணர்ச்சி குறையலாம், பின்னர் பாலூட்டுவதும் பாதிக்கப்படலாம் என்பதால், இன்னொரு பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் அதன் பின்னரே செய்துகொள்வது நல்லது.

உங்களைப் பொறுத்தவரை வேலைதான் பெரிய கேள்வி. 4 முதல் 6 வாரங்கள் வரை பாரம் தூக்கவோ, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தவோ கூடாது. அதாவது கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறவே முடியாது. அந்த நாட்களின் சம்பள இழப்பையும், வீட்டில் விறகும் தண்ணீரும் சுமக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே குடும்பத்தாருடன் பேசுங்கள்.

கட்டியோ, முலைக்காம்பில் கசிவோ இருந்தால், அழகு பற்றிய யோசனையை ஒத்திவைத்து உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இல்லையெனில், இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் மட்டும் ஆலோசியுங்கள்.