நீச்சல் குளத்து விளக்கு: வேலூர் சுத்துவட்டாரத்துக்காரங்க கேள்வி, என் பதில்

காட்பாடியிலிருந்து: அண்ணே, ஐபி68னு (தண்ணிக்குள்ள முங்கினாலும் தாங்கும்ங்கிற தரக் குறி) பார்த்துத்தான் எல்இடி விளக்கு வாங்குனோம். ஆறே மாசத்துல உள்ள தண்ணி. கண்ணாடியில கீறல்கூட இல்ல. எப்படிண்ணே?

கண்ணாடியை விடுங்க, ஒயரைப் பாருங்க. விளக்கு எரியும்போது உள்ளே இருக்குற காத்து சூடாகி விரியும். அணைச்சதும் சுருங்கி, வெளியில இருக்குறதை உள்ளே இழுக்கும். கேபிளோட மறுமுனை ஈரமான பைப்புக்குள்ள கிடந்தா, செம்புக் கம்பிகளுக்கு நடுவுல இருக்குற சந்து வழியா, திரியில எண்ணெய் ஏறுற மாதிரி தண்ணி ஏறிடும். ஜாயின்ட்டைப் பிரிச்சுப் பாருங்க. செம்பு பச்சை பூத்திருந்தா வழி அதுதான். டேப் சுத்துறதெல்லாம் தண்ணிக்கடியில நிக்காது. உள்ளே முழுசா ரெசின் (இறுகிப் போற பசை) ஊத்தி அடைச்ச விளக்கா வாங்குங்க. தண்ணி மட்டத்துக்கு மேல இருக்குற ஜங்ஷன் பாக்ஸ் (ஒயர்களை இணைக்கிற பெட்டி) வரைக்கும் கேபிள் ஒரே துண்டா வரணும். ஐபி68ங்கிறதுல எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்னு கம்பெனிதான் சொல்லணும். அந்த வரியைப் படிக்காம காசு கொடுக்காதீங்க.

சத்துவாச்சாரி அபார்ட்மென்ட்: பழைய 300 வாட் ஹாலோஜன் நாலு இருக்கு சார். மாத்தினா எவ்வளவு மிச்சமாகும்?

தினம் 5 மணி நேரம் எரிஞ்சா இப்போ 6 யூனிட். 35 வாட் எல்இடி நாலு போட்டா 0.7 யூனிட். மாசத்துக்கு 159 யூனிட் மிச்சம். பார்56 (குளத்து விளக்கோட வழக்கமான ஒரு அளவு) அளவுல வாங்குனா பழைய குழியிலேயே உட்காரும்.

ஏலகிரி ரிசார்ட்: பம்ப் ரூம் 30 மீட்டர் தள்ளி இருக்கு. 36 வாட் விளக்கு, 12 வோல்ட், மங்கலா எரியுது. நேரா 230 வோல்ட் கொடுத்துடலாம்ங்கிறார் எங்க எலக்ட்ரீஷியன்.

தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. நனைஞ்ச உடம்புல கரண்ட் சுலபமாப் பாயும், குளத்துல குழந்தைங்க இறங்குவாங்க. ஆள் இறங்குற குளத்துக்குள்ள 12 வோல்ட் ஏசி, டிசின்னா 30, அதுக்கு மேல கூடாதுங்கிறது ஐஇசிங்கிற உலக மின்தர அமைப்போட விதி. உங்க கோளாறு ஒயர்ல இருக்கு. 36 வாட்டுக்கு 3 ஆம்பியர், போக வர 60 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்ல 2 வோல்ட்டுக்கு மேல வழியிலேயே போயிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டா ஒரு வோல்ட்டுக்குள்ள நிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேஷன் வகையா (230 பக்கமும் 12 பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத வகை) இருக்கணும், 230 பக்கம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

ராணிப்பேட்டை: விளக்கோட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வளையத்துல துருப் புள்ளி, கண்ணாடி மேல வெள்ளையாப் படியுது.

வளையம் 304ங்கிற ஸ்டீல் ரகமா இருக்கும். குளோரின் போடுற குளத்துக்கு 316 வேணும், இல்லன்னா நல்ல பிளாஸ்டிக் வளையமே போதும். வெள்ளையாப் படியுறது போர் தண்ணியோட சுண்ணாம்பு. அது வெளிச்சத்தையும் மறைக்கும், சூட்டையும் வெளிய விடாது. விளக்கைக் கழட்டி மேல எடுத்து, வினிகர் தொட்ட துணியால துடைங்க. கம்பி பிரஷ் வேண்டாம். தண்ணியோட பிஎச் (அமில-கார அளவு) 7.2லிருந்து 7.6க்குள்ள இருந்தா படியுறது குறையும்.

குடியாத்தம்: குளம் காலியா இருக்கு. விளக்கைப் போட்டுப் பார்க்கலாமாண்ணே?

வேண்டாம் தம்பி. தண்ணியில குளிர்றதுக்குன்னே செஞ்ச விளக்கு அது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல காய்ஞ்ச குளத்துல எரியவிட்டா சூடேறிக் கெட்டுடும். ஜங்ஷன் பாக்ஸ்ல மல்டிமீட்டர் வச்சு 12 வோல்ட் வருதான்னு மட்டும் பாருங்க. விளக்கு முழுக்க முங்குற அளவுக்குத் தண்ணி நிரம்பினப்புறம் சுவிட்சைப் போடுங்க.